தரகைக் குறைத்தால் வீடு விலைபோகுமா? சட்டம் மௌனம் காக்கும் 2 சதவீதம்

புதுதில்லி: புணே நகரின் வாகட் பகுதியில் ரூ. 80 லட்சம் விலை சொல்லப்படும் பழைய அடுக்குமாடி வீடு ஒன்றை உதாரணமாகக் கொள்ளலாம். வாங்க வந்தவர் ரூ. 77 லட்சத்துக்கு மேல் தர இயலாது என்கிறார். விற்பவர் இறங்கி வர மறுக்கிறார். இடையில் நிற்பது ரூ. 3 லட்சம். இரு தரப்பிலும் தலா 2 சதவீதம் தரகு பெறவிருக்கும் முகவருக்குக் கிடைக்கக்கூடிய தொகையும் ஏறத்தாழ அதே ரூ. 3 லட்சம்தான். "உங்கள் கமிஷனைக் குறைத்துக்கொண்டால் வியாபாரம் இப்போதே முடிந்துவிடுமே" என்ற யோசனை இரு தரப்பிலிருந்தும் எழுவது இந்தக் கட்டத்தில்தான்.

புணேயில் மட்டுமல்ல, சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் வீடு வாங்கிய எவருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. ஆனால், இதில் ஒரு வியப்பு உண்டு. மனை, கட்டட விற்பனைத் துறையை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் 2016-இல் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அதில் முகவர் யார், அவர் எங்கே பதிவு செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது, தவறினால் என்ன அபராதம் என்பதெல்லாம் கூறப்பட்டுள்ளன. அவர் எவ்வளவு தரகு வாங்கலாம் என்பது மட்டும் கூறப்படவில்லை.

அந்த மௌனம் சரியானதா என்ற கேள்விக்கு விடை தேடினால்தான், விற்பனை முடிவதற்காக முகவர் தரகைக் குறைத்துக்கொள்ள வேண்டுமா என்ற கேள்விக்கும் விடை கிடைக்கும்.

நாடாளுமன்றம் செய்தது என்ன?

ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை, மேம்பாடு) மசோதா முதலில் 2013 ஆகஸ்டில், ஐக்கிய முற்போக்குக் கூட்டணி ஆட்சியின்போது மாநிலங்களவையில் அறிமுகமானது. நிலைக்குழுவின் பரிசீலனைக்குச் சென்று வந்த அந்த மசோதா, ஆட்சி மாறிய பிறகு 2015-இல் மாநிலங்களவையின் தேர்வுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. அனில் மாதவ் தவே தலைமையிலான அக்குழு 2015 ஜூலை இறுதியில் அறிக்கை அளித்தது. 2016 மார்ச் 10-இல் மாநிலங்களவையும், மார்ச் 15-இல் மக்களவையும் மசோதாவை நிறைவேற்றின. அப்போது நகர்ப்புற வளர்ச்சித் துறை அமைச்சராக இருந்தவர் வெங்கய்ய நாயுடு. சட்டத்தின் ஒரு பகுதி 2016 மே 1 முதலும், எஞ்சிய பகுதி 2017 மே 1 முதலும் நடைமுறைக்கு வந்தன.

மகாராஷ்டிரம் இத்துறைக்கென 2012-இல் தனிச் சட்டமே இயற்றியிருந்தது. மத்தியச் சட்டத்தின் 92-ஆவது பிரிவு அதை நீக்கியது. ஆனாலும், மத்தியச் சட்டத்தை முனைப்புடன் செயல்படுத்திய மாநிலங்களில் மகாராஷ்டிரமே முன்னணியில் நின்றது. 'மகாரேரா' எனப்படும் மாநில ஒழுங்குமுறை ஆணையம் 2017-இல் அமைந்தது. சட்டம் அரசியல் சாசனப்படி செல்லும் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

இந்தச் சட்டம் முகவருக்குத் தந்துள்ள விளக்கம் மிக விரிவானது. விற்பவரையும் வாங்குபவரையும் எந்த ஊடகத்தின் வழியாகவும் அறிமுகம் செய்து, அதற்காகக் கட்டணமோ கமிஷனோ வேறு பெயரில் தொகையோ பெறுபவர் அனைவரும் முகவர்களே. சொத்து விற்பனையாளர், தரகர், இடைத்தரகர் என்று எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாலும் விலக்கில்லை.

பதிவு பெறாமல் தொழில் செய்தால், அந்நிலை நீடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 10 ஆயிரம் என்று, சம்பந்தப்பட்ட வீட்டின் விலையில் 5 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம். பதிவு பெறாத கட்டுமானத் திட்டத்தில் வீடு விற்க முகவர் துணை நிற்கக் கூடாது. பொய்யான வாக்குறுதி தரக் கூடாது. கணக்குப் புத்தகங்களைப் பராமரிக்க வேண்டும். முன்பதிவின்போது வாங்குபவருக்கு உரிய ஆவணங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும். கட்டுமான நிறுவனத்தின் மீது மட்டுமன்றி, முகவர் மீதும் ஆணையத்திடம் புகார் அளிக்கலாம்.

இவ்வளவு நிபந்தனைகளை விதித்த சட்டம், கமிஷன் என்ற சொல்லை விளக்கப் பிரிவில் பயன்படுத்திவிட்டு, அதன் அளவைச் சந்தைக்கே விட்டுவிட்டது.

புணேயின் மூன்று சந்தைகள்

'புணேயில் தரகு எவ்வளவு?' என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. ஏனெனில், அங்கு இயங்குவது ஒரே சந்தை அல்ல.

முதலாவது, புதிய அடுக்குமாடித் திட்டங்களின் சந்தை. ஹிஞ்சவடி, வாகட், கராடி, ஹடப்சர் என நகரின் மேற்கிலும் கிழக்கிலும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களைச் சுற்றி எழும்பும் திட்டங்கள் இதில் அடங்கும். இங்கே தரகு தருபவர் கட்டுமான நிறுவனம். பெறுபவர் 'சேனல் பார்ட்னர்' எனப்படும் முகவர். வாங்குபவர் தனியாக எதுவும் தருவதில்லை. எனவே, தரகே இல்லை என்ற எண்ணம் அவருக்கு ஏற்படுகிறது. உண்மையில், அத்தொகை வீட்டின் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

இரண்டாவது, மறுவிற்பனைச் சந்தை. கோத்ரூட், பாணேர் போன்ற பகுதிகளில் ஒரு குடும்பம் மற்றொரு குடும்பத்துக்கு விற்கும் வீடுகள். இங்கே விற்பவர், வாங்குபவர் ஆகிய இருவரிடமும் 1 முதல் 2 சதவீதம் வரை தரகு கேட்பது வழக்கம்.

மூன்றாவது, வாடகைச் சந்தை. மகாராஷ்டிரத்தில் 11 மாத 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தமே பரவலான முறை. ஒரு மாத வாடகையைத் தரகாகக் கேட்பது வழக்கம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது மீண்டும் ஒரு தொகை கேட்பதும் உண்டு. சென்னை, கோவை, மதுரை ஆகிய ஊர்களிலிருந்து வேலைக்காகப் புணே செல்லும் இளைஞர்கள் முதலில் சந்திப்பது இந்தச் சந்தையைத்தான்.

2016-ஆம் ஆண்டு சட்டத்தின் கரம் முழுமையாக எட்டுவது இவற்றில் முதலாவதை மட்டுமே. முகவர் பதிவு பற்றிய 9-ஆவது பிரிவு, ஆணையத்தில் பதிவான திட்டங்களில் உள்ள வீடு, மனைகளின் விற்பனையையே குறிப்பிடுகிறது. சட்டம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கட்டி முடிக்கப்பட்ட கோத்ரூட் வீடு கைமாறும்போது, அதற்குத் தரகு வாங்குபவர் இப்பிரிவின் வரம்புக்குள் வருவதில்லை. வாடகைத் தரகரோ, 'விற்பனை' என்ற சொல்லாலேயே வெளியே நிறுத்தப்படுகிறார். தரகு குறித்துச் சாமானியர் முகவருடன் நேருக்கு நேர் பேரம் பேசும் இரண்டு சந்தைகளுமே சட்டத்தின் பெரும் பகுதிக்கு வெளியே உள்ளன.

வாங்குபவரின் கணக்கு

தரகு குறைய வேண்டும் என்பவர்களின் வாதத்தில் வலு இருக்கிறது. ரூ. 80 லட்சம் வீட்டை வாங்குபவரின் செலவு ரூ. 80 லட்சத்தோடு முடிவதில்லை. புணே மாநகரில் முத்திரைத் தீர்வை, உள்ளாட்சி, மெட்ரோ கூடுதல் வரிகள் உள்பட 7 சதவீதம், அதாவது ரூ. 5.60 லட்சம். வீட்டைப் பெண் பெயரில் வாங்கினால் 1 சதவீதப் புள்ளி சலுகை உண்டு. பதிவுக் கட்டணம் ரூ. 30 ஆயிரம். 2 சதவீதத் தரகு ரூ. 1.60 லட்சம். மூன்றும் சேர்ந்து ரூ. 7.50 லட்சம். முகவர் சரக்கு, சேவை வரியின் கீழ் பதிவு செய்தவர் எனில், தரகின் மீது 18 சதவீதம் வரியாக மேலும் ரூ. 28,800.

இத்தொகையை வங்கி கடனாகத் தராது. வீட்டின் விலையைக் கணக்கிடும்போது முத்திரைத் தீர்வை, பதிவுச் செலவு போன்றவற்றைச் சேர்க்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. பின்னர் ரூ. 10 லட்சம் வரையிலான வீடுகளுக்கு மட்டும் இதில் தளர்வு தரப்பட்டது. 80 சதவீதக் கடனாக ரூ. 64 லட்சம் கிடைத்தாலும், எஞ்சிய ரூ. 16 லட்சத்துடன் ரூ. 7.50 லட்சத்தையும் சேமிப்பிலிருந்தோ, நகையை அடகு வைத்தோ, ஊரில் உள்ள பெற்றோரிடம் கேட்டோ கொண்டுவர வேண்டும். தரகில் குறையும் ஒவ்வொரு ரூபாயும் இந்தக் கைப்பணத்திலிருந்து மிச்சமாகும் ரூபாய். மாதத் தவணையில் குறையும் தொகையைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

வீட்டின் விலை ஏறினால் தரகும் ஏறுவது ஏன் என்ற கேள்வியும் நியாயமானது. ரூ. 40 லட்சம் வீட்டைக் காட்டுவதற்கும் ரூ. 80 லட்சம் வீட்டைக் காட்டுவதற்கும் முகவரின் உழைப்பு இரட்டிப்பாவதில்லை. ஆனால், தரகு இரட்டிப்பாகிறது. வருமானம் அதே வேகத்தில் உயராத குடும்பங்களுக்கு இது சுமையே.

முகவரின் கணக்கு

முகவர்கள் தரப்பின் பதிலும் புறக்கணிக்கத் தக்கதல்ல. ஒரு வீடு விற்பதற்குள் பலருக்குப் பலமுறை வீட்டைக் காட்ட வேண்டும். அவர்களில் ஒருவர் வாங்கினால்தான் வருமானம். பித்ரு பட்சத்தில் எவரும் ஒப்பந்தம் போட முன்வருவதில்லை. குடிபாட்வா, தசரா நாள்களை நம்பியே காத்திருக்க வேண்டும். இணையதளங்களில் விளம்பரம் செய்யவும், அலுவலக வாடகைக்கும், உதவியாளர் ஊதியத்துக்கும் மாதந்தோறும் செலவு உண்டு. வாங்குபவரை ஒரு முகவரும் விற்பவரை மற்றொரு முகவரும் கொண்டுவரும்போது, ஒருவருக்கு ஒரு தரப்பின் தரகே கிடைக்கும்.

சட்டமும் அவருக்கு வெற்றிக்குப் பிறகுதான் ஊதியம் என்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 219-ஆவது பிரிவின்படி, தனி ஒப்பந்தம் இல்லாதபோது, ஒப்புக்கொண்ட பணி நிறைவேறும் வரை முகவருக்கு ஊதியம் உரியதாகாது. அதற்கு அடுத்த 220-ஆவது பிரிவு, முறைகேடு செய்த முகவர், அந்தப் பணிக்கான ஊதியத்தைக் கோர இயலாது என்கிறது.

முகவர் மீதான ஒழுங்குமுறைச் செலவும் கூடியுள்ளது. மகாராஷ்டிரத்தில் தனிநபர் முகவர் பதிவுக்கு ரூ. 10 ஆயிரமும், நிறுவனமாக இயங்கினால் ரூ. 1 லட்சமும் கட்டணமாக விதிகள் நிர்ணயித்தன. பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும். இத்துடன், முகவர்கள் பயிற்சி பெற்று, தேர்வெழுதித் தகுதிச் சான்றிதழ் பெற வேண்டும் என்று 2023 ஜனவரியில் மகாரேரா உத்தரவிட்டது. முதல் தேர்வு 2023 மே மாதம் நடந்தது. காலக்கெடு நீட்டிக்கப்பட்டு, 2024 ஜனவரி 1 முதல் சான்றிதழ் கட்டாயமானது. சான்றிதழ் பெறாத சுமார் 20 ஆயிரம் பேரின் பதிவை ஆணையம் 2024-இல் நிறுத்தி வைத்தது.

தகுதி கேட்கும் அரசு, தகுதிக்கேற்ற ஊதியத்தைப் பேரத்துக்கு விடலாமா என்பது முகவர்களின் ஆதங்கம். மறுபுறம், சான்றிதழும் செலவும் இல்லாமல், சட்டத்தின் வரம்புக்கு வெளியே மறுவிற்பனையில் மட்டும் ஈடுபடுபவர் அரை சதவீதத்துக்கும் தரகு செய்ய முன்வருகிறார். விதிகளுக்குக் கட்டுப்பட்டவர் போட்டியில் பின்தங்குகிறார்.

குறைத்தால் முடியுமா?

தரகைக் குறைத்தால் வியாபாரம் முடியுமா என்பதை வாகட் வீட்டின் கணக்கிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

விலை நடுவில், ரூ. 78.50 லட்சத்தில் படிகிறது என்று கொண்டால், விற்பவர் ரூ. 1.50 லட்சம் இறங்க வேண்டும், வாங்குபவர் ரூ. 1.50 லட்சம் ஏற வேண்டும். 2 சதவீதத் தரகு ஒவ்வொரு தரப்புக்கும் ரூ. 1.57 லட்சம். முகவர் அதைப் பாதியாகக் குறைத்தால், ஒவ்வொரு தரப்புக்கும் ரூ. 78,500 மிச்சம். அப்போதும் ஒவ்வொருவரும் ரூ. 71,500 விட்டுக்கொடுத்தாக வேண்டும். முகவர் தன் வருவாயில் பாதியை இழந்தும், இடைவெளியில் பாதியளவே அடைபடுகிறது. இரு தரப்புக்கும் தனித்தனி முகவர்கள் இருந்தால், இருவரும் ஒருசேர இறங்கி வந்தாக வேண்டும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. இரு தரப்பின் விலை வேறுபாடு 1 அல்லது 2 சதவீதமாகச் சுருங்கிய பிறகே தரகுக் குறைப்பு பயன் தரும். வேறுபாடு 8, 10 சதவீதமாக இருந்தால் அது விலைச் சிக்கல்; தரகு முழுவதையும் விட்டுக்கொடுத்தாலும் தீராது. விற்பவர் விலையைச் சந்தைக்கு ஏற்பச் சொல்லாததற்கு முகவரின் ஊதியத்தைக் குறை சொல்வது பொருத்தமல்ல.

மகாராஷ்டிர அரசே இத்தகைய சோதனை ஒன்றைப் பெரிய அளவில் செய்தது. கரோனா பொதுமுடக்கத்தால் வீடு விற்பனை முடங்கியபோது, 2020 செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை முத்திரைத் தீர்வையை 3 சதவீதப் புள்ளிகளும், 2021 ஜனவரி முதல் மார்ச் வரை 2 புள்ளிகளும் குறைத்தது. பதிவுகள் பெருகின, சலுகை முடியும் நாள்களில் பதிவு அலுவலகங்களில் கூட்டம் அலைமோதியது. செலவைக் குறைத்தால் விற்பனை நகரும் என்பதற்கு அது சான்று.

ஆனால், அந்தச் சலுகைக்கு மூன்று இயல்புகள் இருந்தன. அது அனைவருக்கும் பொதுவானது, முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது, முடிவு தேதி கொண்டது. கடைசி நேரத்தில், ஒருவருக்கு மட்டும், காதோடு காதாகத் தரப்படும் தரகுக் குறைப்புக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. மிரட்டிக் கேட்பவருக்குக் குறைகிறது; கேட்கத் தெரியாதவர் முழுத்தொகை தருகிறார்.

யாருக்காகப் பேசுகிறார் முகவர்?

தரகின் அளவைவிட ஆழமான சிக்கல் வேறொன்று உண்டு. விற்பவரிடமும் வாங்குபவரிடமும் ஊதியம் பெறும் முகவர் யாருக்காக உழைக்கிறார் என்பதே அது.

விற்பவருக்காக முகவர் கடுமையாகப் பேரம் பேசி, மேலும் ரூ. 2 லட்சம் பெற்றுத் தந்தால், அவருக்கு அதில் 2 சதவீதமாகக் கிடைப்பது ரூ. 4 ஆயிரம். அந்த ரூ. 4 ஆயிரத்துக்காக ரூ. 1.50 லட்சத்துக்கும் மேற்பட்ட வருமானத்தைப் பணயம் வைக்க அவர் விரும்பமாட்டார். எந்த விலையிலாவது விரைவில் முடிவதே அவருக்கு லாபம்.

இது வெறும் ஊகமல்ல. அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் நடந்த ஏறத்தாழ ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் ஆகியோர் 2008-இல் முடிவுகளை வெளியிட்டனர். முகவர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, மற்றவர்களின் வீட்டைவிடச் சராசரியாக 9.5 நாள்கள் கூடுதலாகக் காத்திருந்து, 3.7 சதவீதம் அதிக விலை பெற்றனர் என்பது அதன் சாரம்.

தரகைக் குறைக்கச் சொல்லி நெருக்குவதால் இந்த முரண்பாடு தீராது. சில நேரம் கூடவும் செய்யும். ஊதியம் பாதியான முகவர், ஒவ்வொரு வீட்டிலும் செலவிடும் நேரத்தையும் பாதியாக்குவார். வில்லங்கச் சான்று, குடியிருப்போர் சங்கத்தின் தடையின்மைச் சான்று, நிலுவைச் சொத்து வரி ஆகியவற்றைச் சரிபார்க்கும் பொறுப்பை நழுவவிடுவார். ரூ. 78 ஆயிரம் மிச்சம் பிடித்தவர், பின்னர் பட்டாவிலோ வரைபட அனுமதியிலோ குறை கண்டு நீதிமன்றப் படியேறினால், அந்த மிச்சம் ஒரு பொருட்டாகாது.

புதிய திட்டங்களில் இச்சிக்கல் வேறு உருவம் எடுக்கிறது. எந்த நிறுவனம் அதிக கமிஷன் தருகிறதோ, அந்தத் திட்டத்துக்கு வாடிக்கையாளரை அழைத்துச் செல்லும் தூண்டுதல் முகவருக்கு ஏற்படுகிறது. இதை அறிந்த வாடிக்கையாளர்கள், நிறுவனம் தரும் கமிஷனில் ஒரு பங்கைத் தங்களுக்குத் திருப்பித் தருமாறு கேட்கின்றனர். பல முகவர்கள் தரவும் செய்கின்றனர். தரகுக் குறைப்பு என்று இது தோற்றமளித்தாலும், பங்கு தருவதாகச் சொல்பவரிடமே வாடிக்கையாளர் போவதால், திட்டத்தின் தரம் பற்றிய நேர்மையான ஆலோசனை பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

பிற மாநிலம், பிற நாடு

தரகின் அளவை அரசு நிர்ணயிக்க முடியாதா? முடியும் என்பதற்கு ஹரியாணா உதாரணம். அம்மாநிலம் சொத்துத் தரகர்களை ஒழுங்குபடுத்த 2008-இல் தனிச் சட்டம் இயற்றியது. அதன் கீழ் வகுக்கப்பட்ட 2009-ஆம் ஆண்டு விதிகள், விற்பனைத் தரகை 1 சதவீதமாக வரையறுத்து, அதை விற்பவரும் வாங்குபவரும் பாதிப்பாதியாக ஏற்க வழிசெய்தன.

சொத்து மாற்றம், முகமை ஒப்பந்தம் ஆகியவை அரசியல் சாசனத்தின் பொதுப்பட்டியலில் உள்ளவை. ரியல் எஸ்டேட் சட்டத்தின் 88-ஆவது பிரிவும், அச்சட்டம் பிற சட்டங்களுக்குக் கூடுதலானதே என்கிறது. எனவே, மகாராஷ்டிரமோ தமிழகமோ இதில் சட்டம் இயற்ற மத்திய அரசுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

ஆனால், உச்சவரம்பு விதிப்பதில் அபாயமும் உண்டு. சட்டப்படி 1 சதவீதத்துக்கு ரசீது, எஞ்சியது ரொக்கமாக என்ற நிலை உருவானால், வரி இழப்பும் வாடிக்கையாளருக்கு ஆதாரமின்மையும்தான் மிஞ்சும். சிறிய வீட்டுக்கு 1 சதவீதம் கட்டுப்படியாகாமல், அந்த வீடுகளை முகவர்கள் ஒதுக்கவும் கூடும்.

மறுமுனையில், முகவர்கள் சங்கமாகக் கூடி "2 சதவீதத்துக்குக் குறைவாக எவரும் வாங்கக் கூடாது" என்று கட்டுப்பாடு விதிப்பதும் செல்லாது. போட்டியாளர்கள் தங்களுக்குள் விலையை நிர்ணயித்துக்கொள்வதை 2002-ஆம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு தடை செய்கிறது. தரகில்லாச் சேவை, இலவச விளம்பரம் என்று வளர்ந்த இணையதள நிறுவனங்களுக்கு எதிராகத் தரகர்கள் கூட்டமைப்பு ஒன்று தொடுத்த புகாரை இந்தியப் போட்டி ஆணையம் 2016-இல் தள்ளுபடி செய்ததும் நினைவுகூரத்தக்கது. வழக்கத்தில் உள்ள விகிதம் வழக்கமே தவிர, சட்டமல்ல. பேரம் பேசும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு.

அமெரிக்க அனுபவம் இதில் மேலும் ஒரு பாடம் தருகிறது. அங்கே வீட்டு விலையில் 5 முதல் 6 சதவீதம் வரை விற்பவரே செலுத்தி, அதை இரு தரப்பு முகவர்களும் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. இது போட்டியைத் தடுக்கும் கூட்டுச் சதி என்று மிசௌரி மாநில வீட்டு உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில், 2023 அக்டோபர் 31-இல் கேன்சஸ் நகர ஜூரிகள் தேசிய முகவர்கள் சங்கத்துக்கும் பெரிய தரகு நிறுவனங்களுக்கும் எதிராகத் தீர்ப்பளித்து, சுமார் 178 கோடி டாலர் இழப்பீடு விதித்தனர். 2024 மார்ச்சில் சங்கம் 41.8 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்தது. 2024 ஆகஸ்ட் 17 முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன.

கவனிக்க வேண்டியது, அந்த விதிகளும் தரகுக்கு எந்த உச்சவரம்பையும் விதிக்கவில்லை என்பதே. வீட்டைக் காட்டுவதற்கு முன்பே, வாங்குபவருடன் முகவர் எழுத்துபூர்வமாக ஒப்பந்தம் செய்து, ஊதியம் எவ்வளவு என்று குறிப்பிட வேண்டும் என்றன. தரகு பேரத்துக்கு உரியது என்பதை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, விற்பனை முடிவதற்காக முகவர் கடைசி நேரத்தில் தரகைக் குறைப்பது விதிவிலக்காக இருக்கலாமே தவிர, வழக்கமாகக் கூடாது என்ற முடிவுக்கே வர வேண்டியுள்ளது. தரகு குறையக் கூடாது என்பதல்ல இதன் பொருள். குறைய வேண்டிய இடம் பேரத்தின் இறுதியில் அல்ல, தொடக்கத்தில். இரு தரப்பிலும் தரகு பெறும் ஒரே முகவர், ஒரு தரப்புக்கு உரிய உழைப்பையே செய்திருந்தால், இரட்டைத் தொகை கேட்க நியாயமில்லை. விலை உயர்ந்த வீடுகளுக்கு விகிதத்தைக் குறைத்தோ, குறிப்பிட்ட தொகையாகவோ தரகை முன்கூட்டியே பேசிக்கொள்வதும் முறையே.

இதற்கு, ஊதியம் எவ்வளவு, யார் தருவது, எப்போது தருவது, வியாபாரம் முறிந்தால் என்ன, மறுதரப்பிடமும் முகவர் தொகை பெறுகிறாரா என்ற ஐந்தும் முதல் சந்திப்பிலேயே எழுத்தில் இடம்பெற வேண்டும். முகவரின் விவரங்கள் வீட்டு ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும் என்று மகாரேரா 2022-இல் எடுத்த நடவடிக்கை இத்திசையில் ஒரு படி. ஆனால், அது பயன் தருவது ஆணையத்தின் வரம்புக்குள் வரும் விற்பனைகளுக்கே. கோத்ரூட்டில் மறுவிற்பனை வீடு வாங்கும் ஓய்வூதியர்களுக்கும், ஹிஞ்சவடியில் 11 மாத வாடகைக்கு வீடு தேடும் இளம் பொறியாளர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

எனவே, இதில் முதல் பொறுப்பு சட்டமியற்றுவோருடையது. தரகின் விகிதத்தை நாடாளுமன்றம் நிர்ணயிக்க வேண்டியதில்லை. ஆனால், 9-ஆவது பிரிவின் வரம்பை மறுவிற்பனைக்கும் வாடகைக்கும் விரிவுபடுத்துவதும், தரகு ஒப்பந்தம் எழுத்தில் இல்லாவிட்டால் தரகு கோரும் உரிமையும் இல்லை என்று விதிப்பதும் சிறு திருத்தங்களே. நாடாளுமன்றம் தாமதித்தால், மாநிலச் சட்டப்பேரவைகள் ஹரியாணாவைப் போலத் தாமே முன்வரலாம்.

அதுவரை, வாகட் வீட்டின் ரூ. 3 லட்சம் இடைவெளியை எவர் அடைப்பது என்பது, அந்த அறையில் அமர்ந்திருப்பவர்களில் யாருக்கு அவசரம் அதிகம் என்பதைப் பொறுத்தே முடிவாகும். பெரும்பாலும் அந்த அவசரம், பிள்ளையின் பள்ளி திறப்பதற்குள் குடியேற வேண்டிய குடும்பத்துக்கோ, பல மாதங்களாக ஒரு விற்பனையும் முடியாத சிறு முகவருக்கோதான் இருக்கிறது. சட்டத்தின் மௌனம் அந்த இருவரையும்தான் பாதிக்கிறது.